சம்திங் இன் தி ரெயின்: நடிப்பு சுமந்த காதல்

தென் கொரியாவின் ஜேடிபிசி அலைவரிசையில் 2018 மார்ச் 30 முதல் மே 19 வரை வெள்ளி, சனி இரவுகளில் 16 பகுதிகளாக ஒளிபரப்பான காதல் தொடர் ‘சம்திங் இன் தி ரெயின்’. இதன் கொரியத் தலைப்புக்கு ‘நன்றாகச் சாப்பாடு வாங்கித் தரும் அழகான அக்கா’ என்று பொருள். இயக்கியவர் ஆன் பான்-சொக். எழுதியவர் கிம் உன். நெட்ஃபிளிக்ஸ் வழியாகக் கொரியாவுக்கு வெளியிலும் இது பலரைச் சென்றடைந்தது. தொடரின் நாயகியாக நடித்தவர் சோன் யே-ஜின், நாயகனாக நடித்தவர் ஜங் ஹே-இன். எழுத்து சொல்லாமல் விட்ட இடங்களையெல்லாம் இந்த இருவரும் நிரப்பினார்கள். எழுத்து தவறாகச் சொன்ன இடங்களில் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. தொடரின் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு இங்கிருந்துதான் வருகிறது.

கதை எளிமையானது. முப்பதுகளின் நடுவில் இருக்கும் யூன் ஜின்-ஆ, காபிக் கடைகளை நடத்தும் ஒரு நிறுவனத்தில் கிளைகளை மேற்பார்வையிடும் வேலை பார்க்கிறாள். அவளுடைய உயிர்த்தோழி கியோங்-சொன். தோழியின் தம்பி சோ ஜுன்-ஹீ, அமெரிக்காவில் பணி முடித்து ஊர் திரும்புகிறான். ஜின்-ஆவைவிட நான்கு வயது இளையவன். தாய் இறந்து, தந்தையும் விட்டுப் போன பிறகு, அந்த அக்காவும் தம்பியும் ஜின்-ஆவின் வீட்டு நிழலில் வளர்ந்தவர்கள். அதனால் இவர்களின் காதல் வயது வேறுபாட்டோடு நிற்காமல் இரண்டு குடும்பங்களின் பழைய உறவையும் தொடுகிறது. இவ்வளவு செறிவான முடிச்சு காதல் தொடர்களில் எளிதில் அமைவதில்லை.

முதல் எட்டுப் பகுதிகளில் இந்த முடிச்சு அழகாக விரிகிறது. மழை நாளில் ஜுன்-ஹீ வேண்டுமென்றே ஒரே ஒரு சிவப்புக் குடை வாங்கி வந்து இருவருக்கும் பிடிக்கும் காட்சியில் வசனம் மிகக் குறைவு. தோள் எவ்வளவு நெருங்கலாம் என்ற தயக்கம்தான் அங்கே நாடகம். அடுத்தவர்கள் சூழ உட்கார்ந்திருக்கும்போது மேசைக்கடியில் ஜின்-ஆ முதன்முதலாக அவன் கையைப் பிடிக்கும் காட்சியை, இந்தத் தொடரின் உச்சம் என்றே சொல்லலாம். மேசைக்கு மேலே அவள் முகத்தில் எந்த மாற்றமும் தெரியாமல் இருக்கப் பாடுபடுகிறாள். அந்தப் பாடு மட்டும் தெரிந்துவிடுகிறது. சோன் யே-ஜின்னின் கலை இத்தகைய இடங்களில்தான் இருக்கிறது. ‘தி கிளாசிக்’ (2003), ‘எ மொமெண்ட் டு ரிமெம்பர்’ (2004) ஆகிய திரைப்படங்களில் கண்ணீரால் நினைவில் நின்றவர், இங்கே சிரிப்பை அடக்குவதையும் பேச்சை விழுங்குவதையும் நடிப்பாக்கினார். ஜங் ஹே-இன் அதுவரை பெரும்பாலும் துணைப் பாத்திரங்களில் தென்பட்டவர். இந்தத் தொடர்தான் அவரை முன்னணி நாயகனாக்கியது. காதலி பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் முகம் என்பது அவருடைய தனிச்சிறப்பு: அவள் பேசும்போது அவன் தன் முறைக்காகக் காத்திருப்பதில்லை, உண்மையாகவே கேட்கிறான். இருவரும் சேரும் காட்சிகளில் ஒத்திகையின் சுவடே இல்லை.

இதற்கு இடம் கொடுத்தது ஆன் பான்-சொக்கின் இயக்கம். கேமராவைத் தொலைவில் வைத்து, நீண்ட ஷாட்டுகளில், குறைந்த ஒளியில் நடிகர்களைத் தம் போக்கில் விடுவது அவர் பாணி. துணை நடிகர்களும் அதே தரத்தில் நின்றார்கள். கியோங்-சொன்னாக வரும் ஜாங் சோ-யோன், தோழிக்கும் தம்பிக்கும் நடுவில் ஏமாற்றப்பட்டவளின் கோபத்தையும் அன்பையும் ஒரே முகத்தில் காட்டினார்.

எழுத்தும் முழுக்க வலுவற்றது அல்ல. அலுவலகக் கிளைக்கதையில் கிம் உன் கூர்மையாகப் பார்த்திருக்கிறார். மேலதிகாரிகளின் கேளிக்கை இரவுகளில் டாம்பரின் தட்டி அவர்களை மகிழ்விப்பதால் ஜின்-ஆவுக்கு அலுவலகத்தில் ‘யூன் டாம்பரின்’ என்றே பட்டப்பெயர். தன்னை ஒருவன் மதித்து நேசிப்பதை உணர்ந்த பிறகுதான், இதற்கு இனி இணங்க முடியாது என்ற துணிவு அவளுக்கு வருகிறது. கொரியாவில் மீ டூ இயக்கம் வெடித்த அதே 2018-இல், பணியிடப் பாலியல் சீண்டலை அன்றாடப் பழக்கமாகக் காட்டிய விதம் தொடரின் பெரிய பலம். புகார் கொடுத்தவளைத் தொலைவான கிடங்கு வேலைக்கு மாற்றும் நிறுவனத்தின் பழிவாங்கலும் நம்பும்படியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இவ்வளவு கனமான இந்தச் சரடு, காதல் சிக்கல்களுக்கு இடைவேளை நிரப்பியாகவே கையாளப்படுகிறது. வழக்கின் போக்கும் அதில் அவள் தனித்து நின்ற ஆண்டுகளும் பெரும்பாலும் காலத் தாவலுக்குள் விழுந்து மறைந்துவிடுகின்றன.

உண்மையான சரிவு, காதல் வீட்டாருக்குத் தெரிந்த பிறகு தொடங்குகிறது. தாயாக நடித்த கில் ஹே-யோன் தேர்ந்த நடிகை. ஆனால் அவருக்கு எழுதப்பட்டது ஒரே ஒரு மறுப்பு. அதுவே பகுதிக்குப் பகுதி திரும்பி வருகிறது. மகளை ஏமாற்றிய, வன்முறையில் இறங்கிய முன்னாள் காதலனை வழக்கறிஞர் என்பதற்காகவே மெச்சும் தாய், தன் வீட்டில் வளர்ந்த பையனைக் குடும்பமில்லாதவன் என்று ஒதுக்குகிறாள். தகுதி பார்க்கும் நடுத்தர வர்க்கத்தின் பிடிவாதமாக இது ஆழப்படுத்தப்பட்டிருக்கலாம். அந்தப் பிள்ளைகளை வளர்த்தபோது அவளிடம் இருந்தது அன்பா, இரக்கமா என்ற கேள்வியை எழுத்து ஒருமுறையாவது கேட்டிருந்தால், அவள் முழு மனுஷியாகியிருப்பாள்.

இதைவிடப் பெரிய பிழை ஜின்-ஆவின் பாத்திரத்தில் நேர்ந்தது. அலுவலகத்தில் துணிந்து வளர்ந்தவள், காதலில் மட்டும் மறைப்பதும் மழுப்புவதுமாகத் தேங்கி நிற்கிறாள். அம்மா ஏற்பாடு செய்த வரன் சந்திப்புக்குக் காதலனிடம் சொல்லாமல் போகிறாள், பிடிபடுகிறாள், அழுகிறாள், மறுபடியும் மறைக்கிறாள். மனிதர்கள் இப்படி முரண்படக் கூடியவர்கள்தான். அந்த முரண்பாட்டுக்கு உள்ளே ஒரு காரணம் வேண்டும். இங்கே அது கிடைக்கவில்லை. அடுத்த சண்டை தேவைப்படும்போதெல்லாம் அவள் பலவீனமாகிறாள். அமெரிக்காவுக்குப் போய்விடலாம் என்று ஜுன்-ஹீ அழைக்கிறான், அவள் மறுக்கிறாள், பிரிகிறார்கள். மூன்றாண்டுகள் கழித்து ஜின்-ஆவின் சொந்தத் தம்பியின் திருமணத்தில் இருவரும் சந்திக்கும்போது அவள் பக்கத்தில், அவளைப் பொருட்படுத்தாத வேறொருவன் இருக்கிறான். அவனை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்பதற்குக் காட்சிகளில் விடையே இல்லை. கடைசியில் ஜெஜூ தீவில், மழையில், சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடுகிறது. அந்த முத்தத்தில் இருவரின் கண்களும் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் எதை மன்னித்தார்கள், எதைக் கற்றார்கள் என்பதை எழுத்தாளர் எழுதவேயில்லை.

இசையும் இந்தத் தேக்கத்தைக் கூட்டியது. ரேச்சல் யமகாட்டா பாடிய தலைப்புப் பாடலும், கார்லா ப்ரூனியின் குரலில் வரும் பழைய ஆங்கிலக் காதல் பாடலும் தொடக்கத்தில் காட்சிக்கு மென்மை தந்தன. பிந்தைய பகுதிகளில், காட்சியில் புதிதாக ஒன்றும் இல்லாத வேளைகளிலும் அவையே ஒலிக்கின்றன.

இக்குறைகளுக்கு வடிவமும் ஒரு காரணம். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் பதினாறு பகுதிகள் என்பது கொரியத் தொடர்களின் வழக்கமான அளவு. இருவர் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் கதைக்கு அதில் பாதி போதும். மீதிப் பாதியைப் புறத் தடைகளால் நிரப்பும்போது பாத்திரங்கள் தடைகளுக்கு ஏற்றபடி வளைக்கப்படுகின்றன. அதே இயக்குநர், எழுத்தாளர் ஜங் சுங்-ஜூவுடன் 2014-இல் உருவாக்கிய ‘சீக்ரெட் அஃபேர்’ தொடரும் 16 பகுதிகள்தான். அங்கேயும் மூத்த பெண், இளைய ஆண், ரகசியக் காதல். ஆனால் அந்தக் காதல் நாயகியின் தொழிலையும் அவள் செய்த சமரசங்களையும் ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டே போவதால், கடைசிப் பகுதி வரை கதைக்குத் தேவை இருந்தது. இயக்குநரின் பாணி இரண்டிலும் ஒன்றே, வேறுபட்டது எழுத்து.

2019-இல் ஆன் பான்-சொக், கிம் உன், ஜங் ஹே-இன் மூவரும் எம்பிசி அலைவரிசைக்காக ‘ஒன் ஸ்பிரிங் நைட்’ தொடரில் மீண்டும் இணைந்தார்கள். இம்முறை நாயகி ஹான் ஜி-மின்: நெடுநாள் காதலன் இருக்கும்போதே இன்னொருவரிடம் மனம் சாயும் நூலகர். நாயகன், தனியாக மகனை வளர்க்கும் மருந்தாளர். அங்கும் வீட்டார் எதிர்ப்பு உண்டு, நீளமும் அதேதான். ஆனால் முடிவெடுப்பது நாயகி. அவள் தயக்கத்துக்கு அவளுக்குள்ளேயே வேர் இருக்கிறது. முந்தைய தொடரில் சோன் யே-ஜின்னுக்குக் கிடைக்காமல் போன பாத்திர ஒழுங்கு, கிம் உன்னின் எழுத்தில் அடுத்த ஆண்டே ஹான் ஜி-மின்னுக்குக் கிடைத்தது.