எப்போ ஹீட்டாகுது சார்?

நல்ல மெக்கானிக் யாரென்பது அவர் பானட்டைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும். வண்டி கொதிக்கிறது என்று போய் நின்றதும் சுமாரானவர் எதையாவது கழற்றத் தொடங்குவார். தேர்ந்தவர் கேட்பார்: "எப்போ ஹீட்டாகுது சார்? டிராஃபிக்லயா, ஹைவேஸ்லயா?"

இந்தக் கேள்வியிலேயே பாதிக் காரணங்கள் கழிந்துவிடும். நெரிசலில் ஊரும்போது ரேடியேட்டருக்குக் காற்று தருவது ஃபேன் மட்டும்தான். 80 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே போதும். ஃபேன் செத்துப்போயிருந்தாலும் தெரியாது. சிக்னலில் ஏறி பைபாஸில் இறங்குகிற முள், ஃபேனையும் அதன் ரிலேயையும் காட்டிக்கொடுக்கிறது. உடனே ஏசியைப் போடச் சொல்வார். பெரும்பாலான கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் சுற்றியாக வேண்டும்.

ஊருக்குள் சாதுவாக இருந்துவிட்டு நெடுஞ்சாலையில் சூடேறினால் கதை வேறு. காற்று கிடைக்கிறது, தண்ணீர்தான் சரியாக ஓடவில்லை. உப்பேறிய போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி அடைத்துப்போன ரேடியேட்டராக இருக்கலாம், இறக்கை அரித்துப்போன வாட்டர் பம்பாக இருக்கலாம். எனக்கு மிகவும் பிடித்த குற்றவாளி கீழ் ஹோஸ். ரப்பர் தளர்ந்துவிட்டால் வேகத்தில் பம்ப் உறிஞ்சும்போது அது உள்வாங்கிச் சப்பையாகிவிடும். வண்டியை நிறுத்திப் பார்த்தால் ஒன்றுமறியாததுபோல் உருண்டையாக நிற்கும். ஆக்சிலேட்டரை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் குனிந்து பார்த்தால்தான் பிடிபடும்.

அடுத்தது கை. மேல் ஹோஸ் சுடுகிறது, கீழ் ஹோஸ் குளிர்ந்திருக்கிறது என்றால் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல் விழும். அதனுள் இருக்கும் மெழுகு 82 டிகிரியை ஒட்டி உருகி, விரிந்து, வால்வைத் திறக்க வேண்டும். கழற்றி, பாத்திரத்துத் தண்ணீரில் கம்பியில் தொங்கவிட்டு அடுப்பில் ஏற்றிப் பார்த்தால், திறக்கிறதா இல்லையா என்பது கண்ணெதிரே தெரியும். இந்தப் பொறுமை எல்லோருக்கும் இல்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று அதைத் தூக்கி எறிகிறவர்களை நான் மன்னிப்பதில்லை. சூடே ஏறாத இன்ஜின் பெட்ரோல் அதிகம் குடிக்கும். சில வண்டிகளில் தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் பைபாஸ் வழி திறந்தே கிடக்கும். வெந்நீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிவரும், சூடு குறைவதற்குப் பதில் கூடும்.

ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையை ஓட்டிக் குளிர்ந்த திட்டுகளைத் தேடுவது இன்னொரு அழகு. அவை அடைத்த குழாய்கள். இன்ஜினை அணைத்தபின் ஃபேன் பிளக்கையும் உருவிவிட்டுத்தான் தொட வேண்டும். எலக்ட்ரிக் ஃபேன் சொல்லாமல் சுற்றும்.

யாரும் மதிக்காத பாகம் ரேடியேட்டர் மூடி. மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக இருந்த வண்டி பர்லியாறு தாண்டிக் கொதிக்கிறதென்றால் மூடியையும் பார்க்க வேண்டும். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். பல கார்களில் ஃபேன் சுற்றத் தொடங்குவதே 95 டிகிரியை ஒட்டித்தான். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் நல்ல மூடி கொதிநிலையை 115 வரை தள்ளிப்போடும். ரப்பர் காய்ந்த மூடி அதைச் செய்யாது. இருநூறு, முந்நூறு ரூபாய்ச் சமாச்சாரம், மலையேற்றத்தையே கெடுத்துவிடும்.

மீட்டரும் பொய் சொல்லும். கூலன்ட் முழுக்க வடிந்துவிட்டால் சென்சார் காற்றில் நிற்கும். இன்ஜின் வேகும்போது முள் கீழே இறங்கும். "சரியாயிடுச்சு" என்று ஓட்டிக்கொண்டு போனவர்களின் ஹெட்டுகள் லேத் பட்டறைகளில் வரிசையில் கிடக்கின்றன. ஸ்கேனரும் எண்ணைத்தான் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

இந்தக் கலையின் உச்சம் ஹெட் கேஸ்கட்டைக் கண்டுபிடிப்பது. ஆயில் மூடியில் பால் காபி நிறத்தில் நுரை, சைலன்சரில் ஓயாத வெள்ளைப் புகை எல்லாம் நோய் முற்றியபின் தெரிபவை. நல்ல கை அதற்கு முன்பே அறியும். இரவெல்லாம் ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துக்கொள்வார். ஒரு நிமிடத்துக்குள் அது விறைத்தால் விஷயம் முடிந்தது. தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை. அழுத்தம் வருவதற்கு சிலிண்டரைத் தவிர வேறு இடமில்லை. உறுதிசெய்ய ஒரு நீலத் திரவம் உண்டு. ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றில் எரிந்த வாயு கலந்திருந்தால் அது மஞ்சளாகும்.

ஹெட்டை இறக்கி, மட்டம் பார்த்து, புது கேஸ்கட் போட்டு மூடுவதோடு பலர் கணக்கை முடித்துவிடுகிறார்கள். கேஸ்கட் பெரும்பாலும் தானாக அடிப்பதில்லை. வேறெங்கோ பிறந்த சூடுதான் அதை அடிக்கிறது. ஃபேன் ரிலேயைப் பார்க்காமல் மூடிய ஹெட் அடுத்த பெரிய நெரிசல் வரைதான் தாங்கும்.