‘என்’ எப்போது ‘ஏன்’ ஆனது? – கருவி விமர்சனங்கள் கேட்காத ஒரு கேள்வி

பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகள் ஒரே மாதிரி இருக்கும். "தம்பி, பிள்ளைக்கு லேப்டாப் வாங்கணும், எது நல்லது?" "டேய், ரெண்டாயிரம் வெள்ளிக்குள்ள எது எடுக்கலாம்?" பொறியியல் படித்தவனுக்கு இது ஒரு சமூகக் கடமை. லோ யாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மாடி மாடியாக ஏறி இறங்குவோம். ரேம் 16 ஜிபியாவது இருக்கட்டும், ஹார்ட் டிஸ்க் வேண்டாம் எஸ்எஸ்டி எடுங்கள், திரை மங்கலாக இருந்தால் வாங்காதீர்கள் என்று சொல்லி அனுப்புவேன். போன வருடம் வரை என் அறிவுரை இவ்வளவுதான். அது முழுசாக இருக்கிறது என்றும் நினைத்திருந்தேன்.

தமிழில் கருவி விமர்சனம் இன்று தனி வகைமை ஆகிவிட்டது. கதை, கவிதை படிக்காத என் மாமா பையன்கூட தினமும் இரண்டு பார்க்கிறான். பெட்டியைப் பிரிப்பது, எடையைச் சொல்வது, கேமராவில் இரவுப் படம் எடுத்துக் காட்டுவது, கடைசியில் "இந்த விலைக்கு வேற லெவல்" என்று முடிப்பது. இதில் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நானும் அதைப் பார்த்துத்தான் போன் வாங்குகிறேன். ஆனால் ஒரு விசயம் உறுத்துகிறது. பேசுவது தமிழ், கேட்பவர் தமிழர், பேசப்படும் கருவியோ தமிழே தெரியாத ஒருவருக்காகச் செய்ததுபோல் வந்து போகிறது. இதில் தமிழ் எப்படி எழுதலாம், எழுதியதைத் தேடினால் கிடைக்குமா, பத்து வருடம் கழித்துத் திறக்குமா என்று யாரும் கேட்பதில்லை. மொழி பெயர்த்த விவரப் பட்டியல் என்று நான் இதைச் சொல்வேன். பட்டியலில் இல்லாத கேள்வி விமர்சனத்திலும் இல்லை.

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று எனக்குக் காட்டியது ஒரு பென்டிரைவ்.

எங்கள் வட்டாரத்தில் ஓர் ஐயா இருக்கிறார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுகதை எழுதுவார். எப்போதும் கையால்தான். அவருடைய மகள் 2000களின் தொடக்கத்தில் அவற்றைக் கணினியில் தட்டச்சு செய்து வைத்திருந்தார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவில் இருந்த வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து கையெழுத்துப் பிரதி எல்லாம் போனது. சாவிக்கொத்தில் தொங்கிய பென்டிரைவ் மட்டும் தப்பியது. தொகுப்பு போடலாம் என்று நண்பர்கள் சொன்னபோது அதை என்னிடம் கொடுத்தார். "பாருப்பா, நாப்பத்து மூணு கதை இருக்கணும்."

இருந்தது. திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ‘தமிழ்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி.

பழைய ஆள்களுக்கு உடனே புரியும்: பாமினி. என் வயதுக்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் கால எழுத்துருக்கள் பலவும் கணினியை ஏமாற்றித்தான் தமிழைக் காட்டின. கோப்பில் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்து. அந்த எழுத்தின் உருவத்துக்குப் பதில் தமிழ் எழுத்தின் உருவத்தை எழுத்துரு வரைந்து காட்டும். எழுத்துரு இருந்தால் கதை. இல்லாவிட்டால் ஜே, கே, பி, ஓ. அதோடு எழுதும் வரிசையும் டைப்ரைட்டர் வரிசை. ‘கொ’ வேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் ககரம், அப்புறம் கால். யூனிகோடில் ககரம் முதலில் வரும், உயிர்க்குறி பின்னால் வரும். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒரு சனிக்கிழமை போதும் என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை மாலையே நாற்பத்து மூன்று கதையும் தமிழாகத் திறந்தன. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

பெருமை, கதையைப் படிக்கும்வரை. ‘அவன்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆவன்’. ‘மகன்’ என்பது ‘முகன்’. ஒரு கதையில் கொளுத்தும் வெயிலில் ஒருவர் குடைக்குள் புகுந்து ரொட்டி வாங்குகிறார்.

என் நிரலில்தான் பிழை என்று இரண்டு நாள் தேடினேன். நிரல் சரியாகத்தான் இருந்தது. பாமினியில் சிறிய எழுத்து அ, அதையே பெரிய எழுத்தாக்கினால் ஆ. சிறியது க, பெரியது கு. தட்டச்சு செய்த மென்பொருளோ, வாக்கியம் ஆங்கிலத்தில் தொடங்குகிறது என்று நம்பி, முற்றுப்புள்ளிக்கு அடுத்து வரும் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கியிருக்கிறது. மகளின் கண் கையெழுத்துப் பிரதியில் இருந்திருக்கும், திரையில் இல்லை. சிலதைத் திருத்தியிருக்கிறார், பலது தப்பிவிட்டது. கடை குடையானது அப்படித்தான்.

‘ஆவன்’ போன்ற பிழை பிரச்சினையே இல்லை. அது சொல்லே இல்லை என்பதால் கண்ணில் படும். மாறிய பிறகும் சொல்லாகவே இருப்பதுதான் ஆபத்து. பாமினியில் எ பெரிதானால் ஏ. ‘என்’ பெரிதானால் ‘ஏன்’.

ஐயாவின் கதைகளில் பாத்திரங்கள் தமக்குள்ளேயே நிறையப் பேசிக்கொள்வார்கள். வாக்கியத் தொடக்கத்தில் ‘ஏன்’ வரும் பத்து இடங்கள் எனக்குச் சந்தேகமாக இருந்தன. "என் தங்கச்சி வரல" என்றால் அது ஒரு செய்தி. "ஏன் தங்கச்சி வரல" என்றால் அது ஒரு கேள்வி, கதையில் அந்த இடத்தில் கிட்டத்தட்ட ஒரு குற்றச்சாட்டு. எது ஐயா எழுதியது, எது மென்பொருள் எழுதியது? பிரதி வெள்ளத்தோடு போய்விட்டது. ஓலைச்சுவடியில் புள்ளி இல்லாமல் எழுதியதைப் படித்துப் பாடம் தீர்மானித்த பதிப்பாசிரியர்களைப் பற்றி வகுப்பில் கேட்டிருக்கிறேன். 2000களில் எழுதிய ஒரு பென்டிரைவுக்கும் அதே வேலை தேவைப்படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"அதெல்லாம் பழைய கதை, யூனிகோட் வந்துடுச்சே" என்று என் நண்பன் சொன்னான். பாதி உண்மை. 1991இல் வந்த யூனிகோட் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. அது நம் கணினிக்குள் இயல்பாகப் புழங்கத்தான் பல வருடம் ஆனது. இடைப்பட்ட காலத்தில் அந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டியவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். ‘தமிழ்நெட் 97’ மாநாடு சிங்கப்பூரில் நடந்தது, அதன் பின்னால் நின்ற நா. கோவிந்தசாமி ஒரு சிறுகதை எழுத்தாளர். ‘கணியன்’ மென்பொருள் அவருடையது. இங்கே கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ செய்தார். பிறகு கைப்பேசிக்கு ‘செல்லினம்’ வந்தது. ஆப்பிள் கணினியோடு வரும் ‘இணைமதி’ எழுத்துருவும் அவர் உருவாக்கியதுதான். அந்தத் தலைமுறை கருவியைப் பார்த்ததும் முதலில் கேட்டது "தமிழ் வருமா?" என்பதைத்தான். வர ஆரம்பித்ததும் நாம் கேட்பதை நிறுத்திவிட்டோம்.

ஆனால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. ‘கௌரி’யில் இருக்கும் ‘கௌ’வை ஔகாரக் குறியோடும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தை வைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு சொல். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காது. ‘ஶ’ 2005இல் யூனிகோடில் சேர்ந்த பிறகு ‘ஸ்ரீ’க்கும் இரண்டு வழி வந்துவிட்டது. இதைவிடப் பெரியது பிடிஎஃப். நம் நூல்கள் சிலவற்றில் பக்கம் அழகாக இருக்கும். ஒரு வரியை எடுத்து வேறு இடத்தில் ஒட்டினால் மறுபடியும் அந்த ஆங்கிலக் குவியல். அதாவது உள்ளே இன்னும் பழைய எழுத்துருதான்.

நம் தலைமுறையின் பங்கையும் சொல்ல வேண்டும். நாம் கவிதையைப் படமாக்கிப் போடுகிறோம். பின்னணியில் மழை, மேலே வெள்ளை எழுத்தில் நான்கு வரி. அழகாகத்தான் இருக்கிறது, நானும் போட்டிருக்கிறேன். ஆனால் மூல வரிகளை வேறெங்கும் வைக்காமல் படத்தை மட்டும் வைத்திருந்தால், நாளைக்கு அது ஐயாவின் பென்டிரைவைவிட மோசம். அவருடையதில் எழுத்தாவது இருந்தது.

விமர்சகர்கள் வாங்குபவருக்காகப் பேசுகிறார்கள், எழுத்தாளருக்காக இல்லை என்பது நியாயமான பதில். ஆனால் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் அம்மாவும் எழுதுபவர்தான். பேட்டரிக்கு ஐந்து நிமிடம் தருபவர்கள் தமிழுக்கு ஒன்று தரலாம்.

இப்போது லோ யாட்டுக்கு யாரோடு போனாலும் நான் அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்கிறேன். காட்சிக்கு வைத்த கணினியில் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க முடிகிறதா என்று பார்ப்பேன். ‘கௌரி கொக்கு ஸ்ரீ’ என்று தட்டுவேன், தேடிப் பார்ப்பேன், பிடிஎஃப் ஆக்கி அதிலிருந்து நகலெடுத்து ஒட்டிப் பார்ப்பேன். கடைக்காரப் பையன் வினோதமாகப் பார்ப்பான், பரவாயில்லை. எழுதும் நண்பர்களுக்கு இன்னும் மூன்று சொல்கிறேன்: மூலத்தை யூனிகோடில் எந்த அலங்காரமும் இல்லாத எளிய கோப்பாக ஒரு பிரதி வையுங்கள். அதை இரண்டு வெவ்வேறு இடத்தில் வையுங்கள். தானியங்கித் திருத்தம் உங்கள் தமிழில் கை வைக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

அந்தப் பத்து இடங்களையும் அச்செடுத்துக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். "பசியாறிட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணாடியைப் போட்டார். ஒவ்வொன்றாகப் படித்து ஒன்பது இடத்தில் ‘என்’ என்று பென்சிலால் திருத்தினார். பத்தாவதில், அந்தத் தங்கச்சி இடத்தில், நிறைய நேரம் நின்றார்.

"நான் எதை எழுதினேன்னு ஞாபகம் இல்லப்பா. ஆனா இதுதான் நல்லா இருக்கு. ‘ஏன்’னே இருக்கட்டும்."

அடிக்குறிப்பு போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். தொகுப்பு அப்படியே அச்சுக்குப் போகிறது. ஐயாவுக்குத் திருப்தி. எனக்கு இன்னும் இல்லை.