வோல்டன் குளக்கரைத் தனிமை: சில குறிப்புகள்

இயற்கையின் நடுவே தனித்திருந்து தன்னை அறிதல் என்னுங் கருத்து நமக்குப் புதியதன்று. காடேகிய துறவியர் பற்றிய மரபு நம்மிடை நெடுங்காலம் வேரூன்றியிருப்பதனாலேயே, அமெரிக்க எழுத்தாளரான ஹென்றி டேவிட் தோரோவையும் (1817–1862) அவ்வரிசையில் இருத்திவிட நம்மவருட் சிலர் விரைகின்றனர். முற்போக்காளர் சிலரோ, சமூகத்தினின்றும் ஒதுங்கிய குட்டி பூர்ஷ்வாத் தனிமனிதவாதி என ஒரே சொல்லில் அவரைத் தள்ளிவிடுகின்றனர். இவ்விரு சாராரும் ‘வோல்டன்’ (1854) என்ற நூலைப் பொறுமையுடன் படித்தனரா என்பது ஐயத்துக்குரியதே.

மசாசூசெற்ஸ் மாநிலத்தின் கொன்கோட் ஊருக்குத் தெற்கே ஏறக்குறைய ஒன்றரை மைல் தொலைவிலுள்ள வோல்டன் குளக்கரையில், தாமே கட்டிய சிறு வீட்டில் 1845 ஜூலை 4 இல் தோரோ குடிபுகுந்தார். 1847 செப்டெம்பர் 6 வரை அங்கு வாழ்ந்தார். நிலம் நண்பர் எமேர்சனுடையது. குளத்தின் ஓரமாகப் புகையிரதம் ஓடிற்று. தோரோவும் அடிக்கடி ஊருக்குப் போய்வந்தார். தனிமை பற்றிய இயலை அடுத்து வருவது வருகையாளர் பற்றிய இயல் என்பதும் கருதத்தக்கது. வீட்டுக்கான செலவு 28 டொலர் 12½ சதம், அவரைப் பயிரின் ஆதாயம் 8 டொலர் 71½ சதம் என அவர் கணக்கு எழுதிவைக்கின்றார். துறவி கணக்கெழுதுவதில்லை. நூலின் முதலியலே பொருளியல் பற்றியது. நீளத்திலும் அதுவே முதன்மையானது. ஒரு பொருளின் விலை, அதனைப் பெறுதற்கு நாம் ஈடாகக் கொடுக்கும் வாழ்நாளின் அளவே என அங்கு அவர் வாதிடுகின்றார். தன்னை அறிதல் என்பது இவ்விடத்தில் ஆன்மவிசாரமாகவன்றித் தன் உழைப்பின் கணக்கை அறிதலாகவே தொடங்குகின்றது. உணவையும் தொழிலையும் கருப்பொருள்களுள் வைத்தெண்ணிய தொல்காப்பிய மரபிற் பயின்ற நமக்கு இது வியப்பளிக்க வேண்டியதில்லை.

1846 ஜூலையில், திருத்தக் கொடுத்த சப்பாத்தை எடுக்க ஊருக்குச் சென்ற தோரோ, தலைவரி கொடாமைக்காக ஓரிரவு சிறையிலிடப்பட்டார். மனிதரை விற்கவும் வாங்கவும் இடங்கொடுக்கும் அரசுக்கு வரி செலுத்துவதில்லை என்பது அவர் நிலைப்பாடு. குளக்கரைத் தனிமை வெறும் ஒதுக்கம் என்போர் இதற்கு விடை கூறல் வேண்டும்.

ஆயின், நாம் இங்கு நின்றுவிடுதற்கில்லை. தமது வீட்டுக்கான பலகைகளை, புகையிரதப் பாதையில் வேலைசெய்த ஜேம்ஸ் கொலின்ஸ் என்னும் ஐரிஷ் தொழிலாளியின் குடிலை 4 டொலர் 25 சதத்துக்கு வாங்கிப் பிரித்தே அவர் பெற்றார். மறுநாட் காலை ஐந்து மணிக்குக் குடும்பம் வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. ஆறு மணிக்கு, உடைமை அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு அவர்கள் தெருவிற் செல்வதைத் தோரோ காண்கின்றார். வீட்டுப் பூனை மட்டும் காட்டுக்குள் ஓடிப் பின்னர் பொறியில் அகப்பட்டு இறந்ததை விசாரித்தறிந்து எழுதுகின்றார். அக்குடும்பம் எங்கே சென்றது என்பதை அவர் எழுதவில்லை. நூலில் எம்மை மிகவும் உறுத்தும் இடம் இதுவே. சதுப்பு நிலத்தைக் கொத்திக் கூலிபெறும் ஜோன் பீல்ட் என்ற மற்றோர் ஐரிஷ்காரனுக்கு, தேநீரையும் வெண்ணெயையும் இறைச்சியையும் விட்டால் இவ்வளவு பாடுபட வேண்டியதில்லை என அவர் உபதேசிக்கும் பகுதியையும் இதனோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். தகப்பனாரின் பென்சில் தொழிலும் எமேர்சனின் நிலமும் துணைநிற்க, மனைவி மக்களற்ற இளைஞர் ஒருவருக்கு எளிமை ஒரு தெரிவாக இருந்தது. பீல்டுக்கு அது ஏற்கெனவே வாய்த்திருந்த நிலை. தம் உழைப்பைச் சதக் கணக்கில் அறிந்தவர், இவ்வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கத் தவறுகின்றார்.

இக்குறையை அவரே ஓரளவு கடந்துசெல்லும் இடமும் நூலில் உண்டு. முன்னர் அவ்வனத்தில் வாழ்ந்தோரைப் பற்றிய இயலில், இடிந்துபோன வீடுகளின் நிலவறைப் பள்ளங்களைத் தேடி அவர் நடக்கின்றார். அடிமையாயிருந்த கேற்றோ இன்கிரகாம், பிறிஸ்ரர் பிறீமன், நூல்நூற்றுப் பிழைத்த கறுப்பினப் பெண்ணான சில்பா ஆகியோர் அங்கு நினைவுகூரப்படுகின்றனர். தோரோ விரும்பித் தேடிய தனிமை, இவர்களுக்கு விதிக்கப்பட்ட தனிமையாக இருந்தது. ஊரின் நல்ல நிலங்களில் இடங்கிடையாதோரே அம்மணற்காட்டின் ஓரத்தை நாடினர். அவர் அமைதி கண்ட வெறுமைக்கும் ஒரு வரலாறு உண்டு. குளத்து நீரில் தம் ஆழத்தை நோக்கும் புகழ்பெற்ற பகுதிகளைவிட, இப்பள்ளங்களின் ஓரத்தில் அவர் நிற்கும் பக்கங்களே நமக்குக் கனமானவையாகத் தோன்றுகின்றன. எனினும் அங்கும் அவர் நெடுநேரம் நிற்பதில்லை. 1812 ஆம் ஆண்டு தொடங்கிய போரின்போது ஆங்கிலப் படைவீரர் சில்பாவின் வீட்டுக்குத் தீயிட்டனர்; அவளது பூனையும் நாயும் கோழிகளும் எரிந்தன. தோரோவின் இரண்டாண்டுகளிலும் பார்க்க நெடுங்காலம் அவ்வனத்தில் வாழ்ந்த அவளுக்கு, நூலிற் கிடைத்திருப்பது ஒரு பந்தி.