வானிலை ஆட்-ஆன்களும் சிமுலேட்டரில் தொலையும் தெர்மலும்

வெயிலில் தரை சூடாகும்போது அதை ஒட்டிய காற்றும் சூடாகிறது. சுற்றியுள்ள காற்றைவிட இலேசான அந்தக் காற்று தூண்போல மேலெழுகிறது. இதுவே தெர்மல் எனப்படும் வெப்ப ஏறுகாற்று. பாறைக்குன்றின் மேல் பருந்து சிறகசைக்காமல் வட்டமிட்டு உயர்வதும், இயந்திரமில்லாத கிளைடர் விமானம் மணிக்கணக்கில் பறப்பதும் இதனால்தான்.

ஃபிளைட் சிமுலேட்டர்களிலும் தெர்மல் உண்டு. 2006இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸ், டிஜி-808எஸ் என்ற கிளைடரைச் சேர்த்தே தந்தது. 2020இல் வந்த புதிய பதிப்பில் 2022 நவம்பரில் இரண்டு கிளைடர்கள் சேர்ந்தன. ஆனால் இவற்றோடு பலர் வானிலை ஆட்-ஆன் எனப்படும் கூடுதல் மென்பொருளையும் நிறுவுகின்றனர். மேகங்கள் அழகாகின்றன; தெர்மலோ பல வேளைகளில் பலவீனமாகிறது அல்லது இடம் மாறிவிடுகிறது. இதை வெறும் மென்பொருள் கோளாறாகப் பார்க்க முடியாது. வானிலை என்றால் என்ன என்பது பற்றிய பிழையான புரிதலே இதன் வேர்.

விமான நிலையத்தின் வானிலை

ஆக்டிவ் ஸ்கை, ரெக்ஸ் போன்ற ஆட்-ஆன்கள் பெருமளவு மெட்டார் அறிக்கைகளைச் சார்ந்தவை. மெட்டார் என்பது விமான நிலையங்கள் குறித்த இடைவெளியில் வெளியிடும் வானிலைக் குறிப்பு. காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், மேகத்தின் அளவு, வெப்பநிலை, ஈரம் நீர்த்துளியாகும் வெப்பநிலையான பனிநிலை, அழுத்தம் ஆகியவை அதில் இருக்கும். ஓடுபாதையில் இறங்கும் பயணிகள் விமானத்துக்கு இவை போதும். ஆனால் உயரம் கூடக்கூட வெப்பம் எவ்வளவு குறைகிறது, எந்தத் தரை எவ்வளவு சூடேறியிருக்கிறது என்ற இரண்டும் அதில் இல்லை. தெர்மலுக்கு வேண்டியவை இவை இரண்டும்தான்.

குருபரப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம். கிருஷ்ணகிரி ஏறத்தாழ 500 மீட்டர். இரண்டுக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை 44 இறங்கிவரும் வழியில், கிருஷ்ணகிரிக்குச் சற்று முன்பாக இவ்வூர் இருக்கிறது. சிப்காட் தொழிற்பூங்காவின் உலோகக் கூரைகள், மாந்தோப்புகள், மொட்டைப் பாறைக்குன்றுகள், உழுத மானாவாரி நிலம், ஏரிகள் என இங்கே தரை சில நூறு மீட்டருக்கு ஒருமுறை மாறுகிறது. காய்ந்த நிலம் விரைவில் சூடேறும். ஏரியும் தோப்பும் மெதுவாகச் சூடேறும். பாறை பகல் வெப்பத்தைச் சேமித்து மாலையில் வெளிவிடும். எனவே தெர்மல் எழும் இடமும் நேரமும் தரைக்குத் தரை வேறுபடும்.

இந்த ஊருக்கு ஆட்-ஆன் எங்கிருந்து வானிலையைக் கொண்டுவரும்? பெங்களூருவின் எச்.ஏ.எல். விமான நிலையம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி, ஓசூரின் உயரத்தில் இருக்கிறது. அங்கே வெப்பநிலை 30 பாகை, பனிநிலை 16 பாகை என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் திரள்மேகத்தின் அடித்தளம் தரையிலிருந்து சுமார் 1750 மீட்டர் என்று கிடைக்கும். காற்று நன்கு கலந்திருக்கும் பிற்பகலில், 400 மீட்டர் தாழ்ந்த கிருஷ்ணகிரிப் பகுதியில் வெப்பநிலை சுமார் 34 பாகை இருக்கும். ஏனெனில் உலர்ந்த காற்று கிலோமீட்டருக்கு 9.8 பாகை மாறும். மேகத்தின் அடித்தளம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கும். ஆனால் தரை தாழ்ந்திருப்பதால் மேகத்துக்குக் கீழே உள்ள இடைவெளி 400 மீட்டர் கூடுகிறது. பெங்களூருவின் 1750 மீட்டரை அப்படியே இங்கே பொருத்தினால் அந்த 400 மீட்டர் போய்விடும். ஒரு மீட்டர் இறங்க 40 மீட்டர் முன்னேறும் கிளைடருக்கு அது 16 கிலோமீட்டர் தூரம். குருபரப்பள்ளியிலிருந்து கிருஷ்ணகிரியை எட்டுவதும் எட்டாமற்போவதும் இதில் அடங்கியிருக்கிறது.

குறுக்கீட்டின் வகைகள்

முதலாவது, மேலெழுதுதல். எக்ஸ்-பிளேன் 11இல் தெர்மலின் பரப்பு, ஏறும் வேகம், உச்ச உயரம் ஆகியவை தனி மதிப்புகளாக இருந்தன. காற்றையும் மேகத்தையும் நிரப்பிவிட்டு இவற்றைச் சுழியமாக விடும் மென்பொருள் தெர்மலை அணைத்துவிடுகிறது.

இரண்டாவது, புதுப்பித்தல். புதிய அறிக்கை வந்ததும் வானம் மாற்றி வரையப்படுகிறது. தெர்மலில் வட்டமிட்டு ஏறிக்கொண்டிருப்பவரின் தலைக்கு மேலிருந்த மேகம் வேறிடத்துக்குத் தாவுகிறது.

மூன்றாவது, போலிக் குலுக்கல். காற்றுக் கொந்தளிப்பை உணர்த்தச் சேர்க்கப்படும் தற்செயல் அதிர்வுகளை, ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டர் ஏறுகாற்றாகப் பதிவுசெய்கிறது. விமானி வளைந்து திரும்பினால் அங்கே ஒன்றுமில்லை.

மறுதரப்பு

ஆட்-ஆன் தயாரிப்பாளர்களின் பக்கமும் நியாயம் உண்டு. அவர்களின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் பெரிய விமானம் ஓட்டுபவர்கள். சில நூறு மீட்டர் அகலமே உள்ள தெர்மலை எந்த வானிலை நிலையமும் அளந்து தருவதில்லை. பல கிலோமீட்டர் கட்டங்களில் கணக்கிடும் முன்கணிப்புகளிலும் அது பிடிபடாது. உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து கிடைக்காத ஒன்றைச் சிமுலேட்டரே தரையையும் வெயிலையும் கொண்டு உருவாக்குகிறது என்றால், அதன்மேல் கைவைக்காமல் இருப்பதே முறை.

ஆட்-ஆன் என்றாலே கேடு என்பதும் இல்லை. கிளைடர் ஆர்வலர்களுக்காக வந்த குமுலஸ்எக்ஸ், ஃபிளைட் சிமுலேட்டர் எக்ஸுக்குள் தெர்மலையும் மலைச்சரிவு ஏறுகாற்றையும் உருவாக்கித் தந்தது. கிளைடருக்கென்றே 2005இல் வந்த காண்டர், நேரடி வானிலையின் பின்னால் போகாமல், தெர்மலின் வலிமையையும் மேக உயரத்தையும் பயனரே அமைக்கவிட்டது. இன்றைய தேதியின் வானம் அதில் இல்லை. ஆனாலும் மேகமும் ஏறுகாற்றும் ஒன்றோடொன்று பொருந்தின.

ஏன் இது முக்கியம்?

இந்தியாவில் கிளைடர் பயிலும் இடங்கள் மிகக் குறைவு. புனே ஹடப்சரில் உள்ள மையம் போன்ற சிலவற்றையே சொல்லலாம். ஓசூர், கிருஷ்ணகிரி மாணவருக்குச் சிமுலேட்டரே எளிதில் திறக்கும் கதவு. வானத்தைப் படிக்கும் பழக்கத்தை அவர் அங்கேதான் தொடங்குகிறார். மேகத்தின் கீழே ஏறுகாற்று இல்லை, ஏரிக்கு மேலும் பாறைக்கு மேலும் காற்று ஒன்றே என்று திரை நாள்தோறும் சொன்னால், மேகம் வெறும் அலங்காரம் என்றே மனம் பதிந்துவிடும். பொய்யான கருவியைவிடப் பொய்யான வானம் ஆபத்தானது. கருவியைச் சந்தேகிப்பவரும் வானத்தைச் சந்தேகிப்பதில்லை.

ஆட்-ஆனைச் சோதிக்க எளிய வழி உண்டு. பங்குனி, சித்திரை மாதத்துப் பிற்பகல் 2 மணிக்கு, காய்ந்த நிலத்தின் மேல் ஆட்-ஆன் இல்லாமல் ஒருமுறையும் அதனோடு ஒருமுறையும் பறந்து வேரியோமீட்டரைக் கவனிக்கலாம். பிறகு ஏரியின் மேல் பறந்து பார்க்கலாம். தரை மாறியும் முள் மாறவில்லையென்றால், அந்த வானிலைக்கும் கீழே உள்ள நிலத்துக்கும் தொடர்பில்லை. தெர்மலைத் தம் மென்பொருள் என்ன செய்கிறது என்பதைத் தயாரிப்பாளர்கள் விவரக்குறிப்பில் வெளிப்படையாக எழுதுவதும், அதைத் தொடாமல் விடும் ஒரு விருப்பத்தேர்வைத் தருவதும் குறைந்தபட்சக் கடமை.