கட்டடத்துக்குக் கடமை, வீட்டுக்குச் சலுகை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்த கேட்டி பெக்கெட் என்னும் குழந்தை, ஐந்தாம் மாதத்தில் மூளைக்காய்ச்சலால் பீடிக்கப்பட்டு, சுவாசத்துக்கு இயந்திரத்தின் துணை வேண்டியவளாய், ஏறக்குறைய மூன்றாண்டுக் காலம் ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்தாள். வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று வைத்தியர்கள் கூறிய பின்னும் பெற்றோரால் அழைத்துப் போக இயலவில்லை. ஏனெனில், அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும் வரையில் பெற்றோரின் வருமானத்தைப் பாராமல் செலவை ஏற்றுவந்த மெடிக்கெய்ட் என்னும் அரசாங்க மருத்துவ உதவித் திட்டம், அவள் வீடு திரும்பினால் அவ்வருமானத்தையும் கணக்கில் சேர்த்து, உதவி பெறத் தகுதியில்லை என்று கையை விரித்துவிடும். ஆஸ்பத்திரிச் செலவில் ஆறில் ஒரு பங்கே வீட்டில் ஆகும் என்று ஜனாதிபதி ரீகன் 1981 நவம்பரில் பத்திரிகையாளர்களிடம் எடுத்துரைத்த பிறகே அவளுக்கு வழி பிறந்தது.

அதே ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், இத்தகைய நிதியை ஸ்தாபனங்களுக்கு வெளியேயும் செலவழிக்க, மத்திய சர்க்காரிடம் விலக்குப் பெறும் மாநிலங்களுக்கு அனுமதியளித்தது. இதனால் விளைந்த நன்மை அற்பமானதன்று. காலையில் ஓர் ஊழியர் வந்து, தானாக எழ முடியாத ஒருவரைப் படுக்கையிலிருந்து தூக்கி, குளிப்பாட்டி, உடுத்தி, சக்கர நாற்காலியில் அமர்த்திவிட்டுப் போனால், அவர் ஒன்பது மணிக்குத் தம் வேலைக்குப் புறப்படலாம். அவ்வூழியர் வராவிட்டால் அதே மனிதர் ஒரு பராமரிப்பு விடுதியின் கட்டிலில் ஆயுளைக் கழிக்க வேண்டியதுதான். 4,000 பேருக்கென்று கட்டி 6,000 பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்த நியூயார்க்கின் வில்லோபுரூக் போன்ற ஊனமுற்றோர் காப்பகங்கள் மூடப்பட்டமைக்கு வழக்குகளும் பத்திரிகைகளும் காரணமாயிருந்தன என்றாலும், வெளியே வந்தவர்கள் வாழ்வதற்குத் தொடர்ந்து நிதி கிடைத்திராவிடில் அந்த விடுதலை தெருவில் விடப்பட்டதற்கு ஒப்பாகியிருக்கும். 2013-ஆம் ஆண்டளவில், மெடிக்கெய்ட் நீண்டகாலப் பராமரிப்புக்குச் செலவிடும் பணத்தில் பாதிக்கு மேல் வீட்டுக்கும் சமூகத்துக்கும் சென்று சேர்ந்தது. இதை ஒரு பெரும் சாதனை என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும், அஸ்திவாரத்திலேயே ஒரு கோணல் இருக்கிறது. தகுதியுள்ளவருக்கு மருத்துவப் பராமரிப்பு விடுதியில் இடம் அளிப்பது மாநிலங்களின் கட்டாயக் கடமை. வீட்டில் வைத்துப் பேணும் சேவைகளில் பெரும்பாலானவையோ, மாநிலங்கள் விரும்பினால் நடத்தலாம், எண்ணிக்கைக்கு வரம்பும் கட்டலாம் என்ற நிலையில் உள்ளவை. ஆகவே விடுதிக்குக் காத்திருப்போர் பட்டியல் தேவைப்படுவதில்லை; வீட்டுச் சேவைக்கோ 2024-இல் ஏறத்தாழ 7 இலட்சம் பேர் பட்டியலில் நின்றார்கள். ஆண்டுக்கணக்காய்க் காத்திருந்து இடம் பெற்றவர், பிழைப்புக்காகவோ உறவினரை அண்டியோ வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்கே மறுபடியும் விண்ணப்பித்து வரிசையில் நிற்க நேரிடுகிறது. லோயிஸ் கர்ட்டிஸ், எலெய்ன் வில்சன் என்ற இரு பெண்கள் ஜார்ஜியா மாநிலத்தின் மீது தொடுத்த வழக்கில், அவசியமின்றி ஒருவரை ஸ்தாபனத்தில் ஒதுக்கி வைப்பது பாரபட்சமே என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பே, நியாயமான வேகத்தில் நகரும் காத்திருப்புப் பட்டியலை மாநிலங்கள் தமக்குச் சமாதானமாகக் காட்டலாம் என்றும் இடங்கொடுத்துவிட்டது.

விடுதியில் இருப்பவரின் அறைக்கும் உணவுக்கும் சேர்த்தே மெடிக்கெய்ட் பணம் கொடுக்கிறது; வீட்டில் இருப்பவருக்கு ஊழியரின் கூலியைக் கொடுக்குமேயன்றி, வாடகையையும் சாப்பாட்டையும் கொடுக்கச் சட்டம் இடந்தருவதில்லை. 2024-இல் மத்திய சர்க்காரின் வாழ்க்கைச் செலவு உதவித்தொகை, தனி ஒருவருக்கு மாதம் அதிகபட்சம் 943 டாலர். பெருநகரங்களில் ஓர் அறை வாடகைக்கே அது போதாது. உடல்நிலை வெளியே வாழ அனுமதித்தும் குடியிருக்க இடம் அகப்படாமையால் விடுதியிலேயே தங்கிவிடுவோர் இதனால்தான் இருக்கிறார்கள். ஊழியர் கூலியும், மாநிலம் நிர்ணயிக்கும் கட்டணத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால், மிகக் குறைவு. ஆகவே ஆட்கள் நிலைப்பதில்லை, தம் உடலைத் தொட்டுத் தூக்க மீண்டும் மீண்டும் ஒரு புதியவரை அனுமதிக்கும் சங்கடம் பயனாளிக்கு நேர்கிறது.

வீட்டுச் சேவையையும் கட்டாயமாக்கினால், இன்று குடும்பத்தாரே பேணிவரும் எண்ணற்றோர் புதிதாக உதவி கேட்டு வருவர், கஜானா தாங்காது என்பது நிதி நிர்வாகிகளின் ஆட்சேபம். அப்படி வரக்கூடும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால், வேலையை விட்டு, உறக்கத்தை விட்டு, இருபது முப்பது ஆண்டுகள் மகனையோ மகளையோ தூக்கிச் சுமக்கும் ஒரு தாயின் உழைப்பு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் பதியப்படாமையால் மட்டுமே, தற்போதைய ஏற்பாடு சிக்கனமானதாகத் தோன்றுகிறது. அவள் வயது முதிர்ந்து கீழே விழும் நாளில், அப்பிள்ளையை ஏற்க அந்த அரசாங்கம் தயங்காமல் முன்வரும் இடம் விடுதி ஒன்றே. ஆதலின், எண்ணிக்கை வரம்பைப் படிப்படியாக நீக்கி, விடுதிக்கு உள்ள அதே கட்டாயத்தை வீட்டுக்கும் அளித்து, வாடகைக்குத் தனி மானியம் சேர்ப்பதே முறை. அதற்குக் குறைந்த எந்தச் சீர்திருத்தமும் பட்டியலில் நிற்பவர்களை அங்கேயே நிறுத்தி வைக்கும்.