மட்கலத்து இயற்கைக் குறியீடுகளும் உழைக்கும் கைகளும்

சீன மட்கலங்களில் பைன், மூங்கில், பிளம் ஆகியன 'குளிர்காலத்து மூன்று நண்பர்கள்' எனத் தீட்டப்பெற்றன. பனியிலும் வாடாத இவற்றை, இடரிலும் நெறி பிறழாத கற்றோனின் குறியீடுகளாக விளக்குவது மரபு. ஆயின் தீட்டியவன் தொழிலாளியே. ஒரு கிண்ணம் 72 கைகளைக் கடந்து முழுமைபெறுமென்று சொங் யிங்சிங் 1637இல் எழுதினார். தனிமனித மாண்பின் சின்னம் கூட்டுழைப்பின் விளைபொருளே என்பது இதனாற் பெறப்படும்.

வன்னிக்கு மேற்கே, மாந்தையில் 1980–84 அகழ்வுகளிற் கிடைத்த, காலத்தால் முந்திய சீன ஓடுகளைப் பெரிதும் வணிகச் சான்றுகளாகவே நோக்கிவந்துள்ளோம். வன்னி உழவனின் பொங்கற் பானையில் இயற்கை தீட்டப்படுவதில்லை. மஞ்சளிலையாகவும் இஞ்சியிலையாகவும் கட்டப்படுகிறது. அங்கு குறியீடு விளைச்சலினின்றும் பிரியவில்லை. எனினும் அப்பானையை வனைந்தவனும் பெயரற்றவனே. குறியீட்டாய்வு அக்கைகளிலிருந்து தொடங்குதல் வேண்டும்.