கண்டத்தை வாங்கிக்கொள்ளும் மீன்களா?

வீட்டு மீன் தொட்டியில் மீன் ஒன்று இறந்து மிதந்தால், பலர் உடனே ஒரு தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள்: "வீட்டுக்கு வரவிருந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது!" மறுநாளே அதே நீரில் வேறொரு மீன் விடப்படுகிறது. அதுவும் சில நாட்களில் இறக்கிறது. 'வாஸ்து மீன்' என்று விற்கப்படும் ஃபிளவர்ஹார்னுக்கு இந்தப் புகழ் அதிகம். ஆனால் அது 1990-களில் மலேசியாவில் உருவாக்கப்பட்ட கலப்பின மீன். பழைய சாத்திரம் எதில் அதற்கு இடமிருக்க முடியும்?

இந்த நம்பிக்கை விற்பவருக்கும் வசதி, வளர்ப்பவருக்கும் வசதி. இருவருமே காரணத்தைத் தேட வேண்டியதில்லை. உண்மையான காரணமோ தொட்டி நீரிலேயே இருக்கிறது.

மீன்கள் செவுள்களின் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. தின்னாமல் விட்ட இரையும் அழுகி அம்மோனியாவாகிறது. இது மீனுக்கு நஞ்சு. குளத்தில் ஒருவகை பாக்டீரியாக்கள் இதை நைட்ரைட்டாகவும், வேறொரு வகை அதை அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. இவ்வேலையைச் செய்யும் பாக்டீரியாக்களை 1890-இல் ரஷ்ய அறிஞர் விநோகிராட்ஸ்கி பிரித்தெடுத்துக் காட்டினார். புதிதாக வாங்கிய கண்ணாடித் தொட்டியில் இவை போதிய அளவில் இருப்பதில்லை. பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை ஆகலாம். நாமோ காலையில் தொட்டி வாங்கி, மாலையில் பத்து மீன்களை விட்டுவிடுகிறோம்!

சேலம், நாமக்கல் வாசகர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்பகுதியின் ஆழ்குழாய்க் கிணற்று நீர் பல இடங்களில் 'உப்புத் தண்ணீர்'. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் படிவதே அதற்குச் சான்று. இத்தகைய கடின நீர் பெரும்பாலும் காரத்தன்மையும் உடையது. நீரின் பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு உயர்ந்தால், அம்மோனியாவில் நஞ்சாகச் செயல்படும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. வெப்பம் கூடினாலும் அப்பங்கு உயரும். அதே வெப்பம் உயிர்வளியையும் குறைக்கும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும்; 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். சித்திரை வெயிலில், வாய் குறுகிய உருண்டைக் கிண்ணத்தில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

"அப்படியானால் குழாயில் வரும் காவிரி நீரை ஊற்றலாமே?" என்பீர்கள். ஊற்றலாம். ஆனால் கிருமி நீக்கச் சேர்த்த குளோரின் மீனின் செவுள்களை அரிக்கும். பயனுள்ள பாக்டீரியாக்களையும் கொல்லும். அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்த பிறகே ஊற்ற வேண்டும்.

சுத்தம் என்ற பெயரில் நடக்கும் தவறு இன்னொன்று. வாரந்தோறும் நீர் முழுவதையும் கொட்டிவிட்டுக் கூழாங்கற்களையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுகிறார்கள். பாக்டீரியாக்கள் குடியிருப்பதே அவற்றின் மேல்தான்! வாரம் ஒருமுறை நீரில் கால் பங்கை மட்டும் மாற்றுங்கள். பஞ்சை அப்போது எடுத்த தொட்டி நீரிலேயே அலசுங்கள். தொடக்கத்தில் ஓரிரு மீன்கள் போதும். இரண்டு நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவுக்கே இரை போடுங்கள். கடின நீர்தான் கிடைக்கும் என்றால் கப்பியும் மோலியும் அதற்கு ஏற்றவை. அமேசானின் மென்னீரில் பிறந்த டிஸ்கஸ் ஏற்றதன்று.

மாணவர்களே, தொட்டியின் அருகில் ஒரு குறிப்பேடு வையுங்கள். நீர் மாற்றிய நாள், வெப்பநிலை, போட்ட இரை, இறந்த மீன்களின் எண்ணிக்கை ஆகியவற்றை நாள்தோறும் எழுதுங்கள். மீன் இறந்தால் முந்திய பத்து நாட்களின் குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். கண்டம் எங்கிருந்து வந்தது என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.